மருத்துவப் பெரியார் மகேந்திரலால் சர்க்கார்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்பூதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் வல்லம் வடகால் என்னும் ஊர் உள்ளது. ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த அப்பகுதியில் இன்று தொழிற்கூடங்கள் நிரல்பட நிற்கின்றன. அவ்வூரில் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதாகக் கொள்வோம். பாட்டியார் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சித் தரவேண்டும் என்பார். தந்தையார் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று ஊசி போட்டு வரலாம் என்பார். அண்டை வீட்டு அம்மையார், கடுகினும் சற்றே பெரியவாய், வெண்ணிறமாய், இனிப்பாய் இருக்கும் ஓமியோபதி மாத்திரைகளை வாங்கித் தருமாறு சொல்வார். மூவரும் அக்குழந்தையின்பால் அன்புடையவரே. ஆயினும், மூவருள் யார் சொல்லைக் கொள்வது? எதனைக்கொண்டு அதனைத் துணிவது?

இவ்வினா இன்று தோன்றியது அன்று. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் வங்க நாட்டில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இதே வினாவைத் தம் நெஞ்சில் எழுப்பிக்கொண்டார். விடை காணும் பொருட்டுத் தம் பதவியையும் பொருளையும் நண்பரையும் இழக்கத் துணிந்தார். அவர்தாம் மகேந்திரலால் சர்க்கார். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மகேந்திரலால், வங்காளத்தில் ஹௌரா மாவட்டத்தைச் சார்ந்த பைக்பாரா என்னும் சிற்றூரில், 1833ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பம் எளிய குடும்பம். அவர்க்கு ஐந்து வயது ஆகும்போது தந்தையார் இறந்தார். தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு கல்கத்தாவில் வாழ்ந்த உடன்பிறந்தாரின் இல்லத்தை அடைந்தார். அங்கும் துன்பம் தொடர்ந்தது. மகேந்திரலாலின் ஒன்பதாம் வயதில் தாயாரும் மறைந்தார்.

தாயும் தந்தையும் இல்லாத அச்சிறுவனை மாமன்மார் வளர்த்தனர். பிறர் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு வேண்டியன கேளாமல் கிடைப்பது அரிது. அவ்வருமை உணர்ந்த மகேந்திரலால், கிடைத்த கல்வியைக் கண்ணினும் மேலாகப் போற்றினார். கல்கத்தாவில் அந்நாளில் ஹேர் பள்ளி என்பது சிறந்த பள்ளியாகத் திகழ்ந்தது. அப்பள்ளியில் கட்டணம் இல்லா மாணவராக அவர் சேர்க்கப்பெற்றார். தேர்வுகளில் முதன்மை எய்தி உதவித்தொகை பெற்று, 1849ஆம் ஆண்டில் இந்துக் கல்லூரியில் புகுந்தார்.

அக்கல்லூரியில் இலக்கியமும் தத்துவமும் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. மகேந்திரலாலின் உள்ளமோ இயற்கைப் பொருள்களின் இயல்பை அறிவதிலேயே ஈடுபட்டது. ஒளி ஏன் வளைகிறது, உடல் எவ்வாறு இயங்குகிறது, கோள்கள் எவ்வாறு சுழல்கின்றன என்னும் வினாக்கள் அவரை ஓயவிடவில்லை. அவ்வினாக்கட்கு விடை கூறும் அறிவியற் கல்வி, அந்நாளில் மருத்துவக் கல்லூரியில்தான் ஓரளவேனும் கிடைத்தது. ஆகவே, 1854ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மருத்துவக் கல்வி

மருத்துவக் கல்லூரியில் அவருடைய அறிவொளி விரைவில் வெளிப்பட்டது. இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோது நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுவர். உறவினர் ஒருவர்க்குக் கண்ணோய் கண்டது. அவரை அழைத்துக்கொண்டு மகேந்திரலால் கண் மருத்துவப் பகுதிக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ஒருவர், உயர்வகுப்பு மாணவரிடம் கண்ணின் அமைப்பைக் குறித்து ஒரு வினா விடுத்தார். அம்மாணவருள் ஒருவரும் விடை கூறவில்லை. பின்னால் நின்றிருந்த மகேந்திரலால் தெளிவாக விடை கூறினார். பேராசிரியர் வியந்து மேலும் பல வினாக்களைத் தொடுத்தார். அனைத்திற்கும் தக்க விடை வந்தது. பின்னர், ஒளியியலைப் பற்றித் தம் உடன்பயிலும் மாணவர்க்கே விரிவுரை ஆற்றும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது.

1863ஆம் ஆண்டில் மகேந்திரலால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. என்னும் உயரிய மருத்துவப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தை அவர்க்கு முன் பெற்றவர் ஒருவரே. முப்பது வயது நிரம்பாத இளைஞரான அவரைத் தேடி நோயாளர் திரண்டு வந்தனர். அவ்வாண்டிலேயே ஆங்கில மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை கல்கத்தாவில் நிறுவப்பெற்றது. அதன் செயலாளராக மகேந்திரலால் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ், பொருள், பதவி ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தன. அவர் வாழ்வு தெளிந்த ஆற்றொழுக்குப்போல் இனிது செல்லும் என்றே அனைவரும் எண்ணினர்.

ஓமியோபதியின் தோற்றம்

மகேந்திரலாலின் வாழ்வைத் திருப்பிய ஓமியோபதி மருத்துவத்தின் தோற்றத்தை ஈண்டு அறிதல் வேண்டும். அம்மருத்துவத்தை வகுத்தவர் சாமுவேல் ஹானிமன் என்னும் செருமானிய மருத்துவர். அவர் 1755ஆம் ஆண்டில் மைசன் என்னும் நகரில் பிறந்தவர்.

ஹானிமன் காலத்து ஐரோப்பிய மருத்துவம் மிகக் கடுமையானது. காய்ச்சல் கண்டவரின் நரம்பைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாகக் குருதியை வடிப்பர். அட்டைகளை விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்வர். வலிய பேதி மருந்துகளைக் கொடுப்பர். பாதரசம் கலந்த மருந்துகளைப் பேரளவில் ஊட்டுவர். நோயால் நலிந்த உடல் மருந்தாலும் நலிந்தது. இக்கொடுமைகளைக் கண்டு மனம் வெதும்பிய ஹானிமன், மருத்துவத் தொழிலையே துறந்து நூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார்.

1790ஆம் ஆண்டில் அவர் ஒரு மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முறைக்காய்ச்சலைத் தீர்க்கும் சின்கோனாப் பட்டையின் குணத்தைப் பற்றி அந்நூலாசிரியர் கூறிய காரணம் அவர்க்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. இதனைத் தம் உடலிலேயே ஆய்ந்து பார்க்க எண்ணி, நோயற்ற நிலையில் அப்பட்டையைச் சில நாள் உட்கொண்டார். குளிரும் நடுக்கமும் போன்ற காய்ச்சலின் குறிகள் தம் உடலில் தோன்றியதாக அவர் உணர்ந்தார். நலமுள்ளவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குமோ, அதே குறிகளையுடைய நோயை அப்பொருள் தீர்க்கும் என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது. இதனை அவர் 1796ஆம் ஆண்டில் கட்டுரையாகவும், 1810ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

மருந்தின் அளவைக் குறைப்பதில் ஹானிமன் மேலும் மேலும் சென்றார். மருந்தில் ஒரு பங்கை எடுத்து, நீரோ சாராயமோ தொண்ணூற்றொன்பது பங்கு சேர்த்துக் குலுக்குவர். அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் அவ்வாறே செய்வர். இவ்வாறு முப்பது முறை செய்வதும் உண்டு. நீர்க்க நீர்க்க மருந்தின் ஆற்றல் மிகும் என்பது அவர் கொள்கை.

இம்மருத்துவம் விரைவில் இந்தியாவிலும் புகுந்தது. ஹோனிக்பெர்கர் என்னும் ஐரோப்பிய மருத்துவர் 1839ஆம் ஆண்டில் இலாகூரில் பஞ்சாப் மன்னர் இரஞ்சித் சிங்குக்கு இம்முறையில் மருத்துவம் செய்தார். நம் தஞ்சையிலும் 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கில மருத்துவர் ஓமியோபதி மருத்துவமனை ஒன்றை நடத்தினார். கல்கத்தாவிலோ இராசேந்திரலால் தத்தர் என்னும் செல்வர் இம்மருத்துவத்தைக் கற்று, ஊதியம் பெறாது அனைவர்க்கும் மருந்து வழங்கினார். பேரறிஞர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் அவரிடம் மருத்துவம் பெற்றுத் தம் தலைநோய் நீங்கப்பெற்றார். பின்னர் வித்தியாசாகரரே ஏழைச் சந்தாலி மக்கட்கு அம்மருந்துகளை வழங்கிவந்தார்.

எள்ளி நகைத்தவர் ஆய்வாளர் ஆதல்

ஆங்கில மருத்துவச் சங்கத்தின் தொடக்க விழாவில் பேசிய மகேந்திரலால், ஓமியோபதியைக் கடுமையாக எள்ளினார். கற்றறியாதார் கைக்கொள்ளும் போலி மருத்துவம் என்பதே அக்காலத்தில் அவர் கருத்து. அச்சொற்பொழிவை அறிந்த இராசேந்திரலால் தத்தர் சினங்கொள்ளவில்லை. அவ்விளைஞரின் ஆற்றலை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே, கண்ணாற் கண்டு பின் கருத்துரைக்குமாறு மகேந்திரலாலைப் பலமுறை வேண்டினார். மகேந்திரலால் செவிசாய்த்திலர்.

அந்நிலையில் நண்பர் ஒருவர், ஓமியோபதியின் கொள்கைகளை விளக்கும் ஆங்கில நூலொன்றை அவரிடம் கொடுத்து, ஓர் இதழுக்கு மதிப்புரை எழுதித் தருமாறு கேட்டார். அம்மருத்துவத்தை வேரோடு வீழ்த்துவதற்கு இது நல்ல வாய்ப்பு என்று மகேந்திரலால் மகிழ்ந்தார். நூலை ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. தாம் ஒருநாளும் நேரிற் கண்டு ஆராயாத ஒன்றைப் பழித்துரைப்பது அறிவுடைமை ஆகுமா? நூலிற் கண்ட கூற்றுகள் பொய்யாயின், நோயாளரின் படுக்கையருகே நின்று பார்த்துப் பொய் என்று காட்டுதல் வேண்டும் அன்றோ? இவ்வாறு எண்ணியவர், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, எந்தத் தத்தரின் வேண்டுகோளைப் புறக்கணித்தாரோ அவரையே நாடிச் சென்றார்.

தத்தர் மருந்து கொடுக்கும் நோயாளர் பலரை மகேந்திரலால் உடனிருந்து நோக்கினார். சிலர் நலம் பெற்றனர். ஆயினும், அவர் உடனே நம்பிவிடவில்லை. ஓமியோபதி மருத்துவர் உணவிலும் ஒழுக்கத்திலும் கண்டிப்பான பத்தியம் விதிப்பது வழக்கம். நலம் தந்தது மருந்தா, பத்தியமா என்று அவர் ஐயுற்றார். ஆகவே, சில நோயாளர்க்கு மருந்து கொடாமல் பத்தியம் மட்டுமே இருக்கச் செய்து பார்த்தார். அவருள்ளும் சிலர் நலம் எய்தினர். ஏனையோர்க்கு மருந்து வேண்டியிருந்தது என்று அவர் கண்டார். கொடுத்துப் பார்ப்பதோடு அமையாமல், கொடாமலும் பார்த்து ஒப்பிட வேண்டும் என்ற இவ்வுணர்வே ஆராய்ச்சிக்கு அடிப்படை. இற்றை நாள் மருத்துவ ஆய்வுகள் அனைத்தும் இவ்வழியையே விரிவாகப் பின்பற்றுகின்றன.

நெடுநாள் நோக்கியபின், ஓமியோபதியில் உண்மை உண்டு என்னும் முடிவிற்கு மகேந்திரலால் வந்தார். எனினும், அதுவே முழு உண்மை என்று அவர் கொள்ளவில்லை. நோய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் நெறிகளுள் அதுவும் ஒன்று என்பதே அவர் துணிவு.

அவையஞ்சாப் பேருரை

தாம் கண்டதை நெஞ்சிலேயே மறைத்து வைத்திருந்தால், மகேந்திரலாலுக்கு யாதோர் இடரும் நேர்ந்திராது. பகலில் ஆங்கில மருத்துவராகவும், இரவில் ஓமியோபதி ஆராய்ச்சியாளராகவும் வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு இரட்டை வாழ்க்கை வாழ அவர் உள்ளம் இடந்தரவில்லை.

1867ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 16ஆம் நாள் மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடைபெற்றது. கல்கத்தாவின் புகழ்பெற்ற ஆங்கில மருத்துவரும் இந்திய மருத்துவரும் அவையில் நிறைந்திருந்தனர். நான்கு ஆண்டுகட்கு முன்னர் எந்தச் சங்கத்தில் ஓமியோபதியைப் பழித்தாரோ, அதே சங்கத்தில் மகேந்திரலால் எழுந்து நின்றார். மருத்துவ அறிவு இன்னும் உறுதிப்பாடு எய்தவில்லை என்பதை முதற்கண் எடுத்துரைத்தார். குருதி வடித்தல் முதலிய கொடிய முறைகளின் தீமையை விளக்கினார். பின்னர், ஹானிமன் கொள்கையை ஆராயாமல் தள்ளுதல் தகாது என்றும், தாம் ஆராய்ந்து அதில் உண்மை கண்டதாகவும் அஞ்சாது உரைத்தார்.

அவையில் பெருங்குழப்பம் எழுந்தது. மருத்துவர் பலர் வெகுண்டெழுந்து அவரை இகழ்ந்தனர். அத்தகைய கருத்துடையார்க்குச் சங்கத்தில் இடம் இல்லை என்று முழங்கினர். இளமைதொட்டுப் பழகிய நண்பரும் முகங்கொடுத்துப் பேச மறுத்தனர். செய்தி நகரெங்கும் பரவியது. எம்.டி. பட்டம் பெற்ற மருத்துவர் மதி மயங்கினார் என்று ஊரார் பேசினர். அவருடைய வாயிலில் கூடிநின்ற நோயாளர் கூட்டம் கலைந்தது. திங்கள் பல கடந்தும் அவரை நாடி வருவார் அரியராயினர். வருவாய் வற்றியது.

தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் இழந்தவை அனைத்தும் மீளும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். எனினும், பிறர் சினத்திற்கு அஞ்சித் தாம் கண்டதைக் காணவில்லை என்று கூற அவர் ஒருப்படவில்லை. 1868ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவ இதழ் என்னும் பொருளுடைய ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கி, தம் கருத்துகளையும் ஆய்வுகளையும் உலகறிய வெளியிட்டார். எதிர்ப்போர் கூற்றுகட்கும் காரணங்காட்டி மறுமொழி எழுதினார். நாளடைவில் மக்கள் மீண்டும் அவரை நாடினர். கல்கத்தாவின் தலைசிறந்த மருத்துவருள் ஒருவராக அவர் மறுபடியும் விளங்கினார். ஆயினும், மருத்துவர் பகைமை எளிதில் தணியவில்லை. 1878ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் அவர் உறுப்பினரானபோது, ஓமியோபதியரோடு ஒருங்கிருக்க இயலாது என்று பிற மருத்துவர் மறுத்தனர். மகேந்திரலால் தம் நிலையை விளக்கி எழுதிவிட்டு அப்பிரிவினின்றும் விலகினார்.

அறிவியற் கழகம்

இப்போராட்டம் மகேந்திரலாலுக்கு ஒரு பேருண்மையை உணர்த்திற்று. நம் நாட்டு மக்கள் மருத்துவத்திலும் பிற துறைகளிலும் பிறர் சொல்லை நம்புகின்றனரே அன்றித் தாமே ஆய்ந்து காணும் பயிற்சி பெறவில்லை. அப்பயிற்சிக்கு வேண்டிய கருவிகளும் கூடங்களும் இந்தியர்க்கு அந்நாளில் இல்லை. ஆகவே, இந்தியர் பொருளால் நடைபெறுவதும் இந்தியரே ஆராய்ச்சி செய்வதுமாகிய ஓர் அறிவியற் கழகம் வேண்டும் என்று 1869ஆம் ஆண்டில் தம் இதழில் எழுதினார்.

எழுதியதோடு அவர் நின்றாரல்லர். செல்வர் இல்லந்தோறும் சென்று பொருளுதவி வேண்டினார். ஏழு ஆண்டுகள் இடையறாது உழைத்தார். அப்போது மற்றொரு தடை எழுந்தது. வறுமை மிக்க நாட்டிற்குத் தொழிற்பள்ளியே வேண்டும். வெறும் அறிவியலால் வயிறு நிறையுமா என்று வேறொரு சாரார் வாதிட்டனர். தொழிலின் தேவையை மகேந்திரலால் மறுக்கவில்லை. ஆயினும், இயற்கையின் விதிகளைத் தாமே கண்டறியும் அறிவு இல்லையேல், நாம் என்றும் பிறர் கண்ட கருவியை இயக்குவோராகவே இருப்போம் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் அவர் உறுதியாக நின்றார்.

1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், கல்கத்தா பௌபசார்த் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தூய சேவியர் கல்லூரியின் இலாபோன் அடிகளார் அவர்க்கு வலக்கையாய் நின்று துணைபுரிந்தார். அடிகளாரும் மகேந்திரலாலும் அங்கே விரிவுரைகள் நிகழ்த்தினர். பிற்காலத்தில் உலகப்புகழ் எய்திய சகதீச சந்திர போசும், அசுதோசு முகர்சியும் அக்கழகத்தில் விரிவுரை ஆற்றியவராவர். விசயநகர மன்னர் வழங்கிய பொருளால் ஆய்வுக்கூடம் ஒன்றும் எழுந்தது.

பிற பணிகள்

மகேந்திரலாலின் மருத்துவத் தொண்டு இறுதிவரை தொடர்ந்தது. 1885ஆம் ஆண்டில் இராமகிருட்டிணப் பரமஅஞ்சர்க்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. மகேந்திரலால் அவர்க்கு மருத்துவம் செய்தார். அறிவியலை ஒப்பற்றதாகக் கருதிய மருத்துவரும், இறையருளில் தோய்ந்த துறவியாரும் நெடுநேரம் உரையாடுவது வழக்கமாயிற்று. அடியார்கள் துறவியாரைக் கடவுளின் அவதாரம் என்று போற்றியதை மகேந்திரலால் ஏற்கவில்லை; அதனை வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். எனினும், அவர் பண்பில் ஈடுபட்டுப் பேரன்பு பூண்டார். கருத்து வேறுபாடு அன்பிற்குத் தடையாகவில்லை. 1886ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் துறவியார் மறைந்தபோது, அடியார்களோடு நிழற்படம் எடுப்பதற்கு மகேந்திரலால் பத்து உரூபாய் தந்து சென்றார் என்பர்.

வைத்தியநாதம் என்னும் திருத்தலத்தில் தொழுநோயாளர்க்குப் புகலிடம் ஒன்றை அமைத்து, அதற்குத் தம் மனைவியார் இராசகுமாரியின் பெயரைச் சூட்டினார். அரசாங்கம் அவர்க்கு 1883ஆம் ஆண்டில் சி.ஐ.இ. என்னும் பட்டம் வழங்கியது. 1887ஆம் ஆண்டில் கல்கத்தா நகரின் செரீப்பு என்னும் பதவியை ஏற்றார். 1898ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு முனைவராக்கிப் பெருமை எய்தியது.

மறைவும் அதன்பின் விளைவும்

முதுமையில் மகேந்திரலாலை ஒரு கவலை வாட்டியது. தம் கழகத்தில் முழுநேரமும் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களை அமர்த்த அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய பொருள் திரளவில்லை. வாழ்நாள் முழுதும் உழைத்தும் தாம் எண்ணியது முற்றுப்பெறவில்லையே என்னும் ஏக்கத்துடன், 1904ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 23ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1907ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் அரசாங்கக் கணக்குத்துறை அலுவலராகக் கல்கத்தாவிற்குச் சென்றார். அவர்க்கு அப்போது வயது பதினெட்டு. ஒருநாள் டிராம் வண்டியில் செல்லுகையில், பௌபசார்த் தெருவில் அறிவியற் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. அவர் இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். மகேந்திரலாலின் மைந்தர் அமிர்தலால் அப்போது கழகத்தின் செயலாளராக இருந்தார். ஆய்வு செய்ய விரும்பும் ஒருவர்க்காகவே காத்திருந்த அக்கூடம் இளைஞர்க்குத் திறந்துவிடப்பட்டது. அலுவலகத்திற்கு முன்னும் பின்னும், விடியலிலும் இரவிலும் அவர் அங்கே ஆராய்ந்தார். அவர்தாம் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய சர் சி. வி. இராமன். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருட்டிணனும் அங்கே அவருடன் சேர்ந்து உழைத்தார். 1928ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 28ஆம் நாள் இராமன் விளைவு அங்கே கண்டறியப்பட்டது. 1930ஆம் ஆண்டில் இராமன் நோபல் பரிசு பெற்றார். நட்டவர் காணாத கனியை நாடு கண்டது.

இற்றை நாள் ஆய்வும் ஓமியோபதியும்

மகேந்திரலால் போற்றிய ஓமியோபதியைப் பற்றி இற்றை நாள் அறிவியல் கூறுவது யாது? அதனையும் ஒளியாமல் உரைத்தலே அவருக்குச் செய்யும் மதிப்பாகும்.

இந்தியாவில் அம்மருத்துவம் இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. 1973ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் அதனை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அரசு ஓமியோபதி மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. ஆயினும், நூற்றுக்கு ஒன்றாக நீர்த்தலைப் பன்னிரண்டு முறைக்குமேல் செய்தால், மூல மருந்தின் மூலக்கூறு ஒன்றேனும் அதில் எஞ்சியிருத்தல் அரிது என்று வேதியியல் கணக்கிட்டுக் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டில் ஆத்திரேலிய நாட்டுத் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஓமியோபதி எந்நோயையும் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அறிவித்தது.

அவ்வாறாயின், மகேந்திரலால் கண்டவர் நலம்பெற்றது எவ்வாறு? நோய்களுள் பல தாமே தணிவன. மருந்து உண்டோம் என்னும் நம்பிக்கையும் சிறிது ஆறுதல் தரும். குருதியை வடித்தும் பாதரசம் ஊட்டியும் வருத்திய காலத்தில், யாதொரு கேடும் செய்யாத மருந்தும் நல்லுணவும் ஓய்வும் பெற்றவர் மற்றவரினும் நன்கு பிழைத்தமை வியப்பன்று. இவற்றையெல்லாம் பிரித்தறிய ஒரு மருத்துவரின் கண்கள் போதா. நூற்றுக்கணக்கானவரை இரு கூறாக்கி, மருந்து பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதைக் கொடுப்பவரும் பெறுபவரும் அறியாவண்ணம் ஒப்பிட்டு நோக்கவேண்டும். அம்முறை மகேந்திரலால் காலத்தில் வளர்ச்சி பெறவில்லை. ஆகவே, அவர் கண்ட முடிவு நிலைபெறாதொழியினும், முடிவு காண அவர் சென்ற வழி நிலைபெற்றது. தம் முடிவையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகிய அறிவியலை நம் நாட்டில் ஊன்றியவருள் அவரே முன்னவர்.

முடிவுரை

மாணவர்களே! தொடக்கத்திற் கண்ட வல்லம் வடகால் வீட்டை மீண்டும் நினைமின். காய்ச்சலுற்ற குழந்தையைத் தக்க மருத்துவரிடம் காலத்தே காட்டுதல் முதற்கடமை. அதன்பின், ஒரு மருந்தைப் பற்றி யார் எது கூறினும், அது முன்னோர் கூறியது என்பதற்காக ஏற்கவும் வேண்டா. புதியது என்பதற்காக வியக்கவும் வேண்டா. நமக்குப் பழக்கமில்லாதது என்பதற்காக எள்ளவும் வேண்டா. சான்று யாது என்று கேட்டல் வேண்டும். அவ்வூர்த் தொழிற்கூடங்களில் சிறு திருகாணியையும் அளந்து பார்த்த பின்னரே பொருத்துகின்றனர். உயிரைக் காக்கும் மருந்திற்கு அதனினும் குறைந்த அளவை போதுமா?

தாம் பழித்த ஒன்றைத் தாமே சென்று ஆராய்ந்ததும், ஆராய்ந்து கண்டதை ஊர் பகைத்தபோதும் மறையாது உரைத்ததும், பிறரும் ஆராய்வதற்கு ஒரு கூடம் அமைத்துச் சென்றதும் மகேந்திரலால் சர்க்காரின் மூன்று அருஞ்செயல்கள். இம்மூன்றனுள் ஒன்றையேனும் நம் வாழ்வில் மேற்கொள்வோமாக.